எட்டு நாள் காப்பு

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. பால் சொசைட்டித் தகரக் கூரை இரண்டு இடத்தில் தூக்கியடிக்கிறது. ஆணி அடிக்க வேண்டும். காலைப் பால் 212 லிட்டர். வண்டி இருபது நிமிடம் தாமதம். டிரைவரிடம் வழக்கமான சண்டை.

இந்த டைரி மாட்டுத்தீவனக் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவியெடுத்தேன். மேசை ஆடுகிறது, ஆடட்டும். வெள்ளிக்கிழமை சேலம் டாக்டரம்மா சொன்னதுதான் காரணம்: “என்ன சாப்பிடறாங்க, எப்ப வலி வருது, ஒரு நோட்டுல எழுதி வைங்க.” இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எழுதுகிற செகரெட்டரி நான். கட்டினவளுக்கு எழுத மாட்டேனா.

கோவிந்தம்மா. இனி கோ. என்று போடுகிறேன்.

கோ. இன்று:
காலை ராகிக் கஞ்சி 6 ஸ்பூன்.
மதியம் ரசம் சோறு 3 வாய். அதில் ஒன்று எனக்காக.
சாயங்காலம் இளநீர் அரை டம்ளர்.
வலி 11 மணிக்கு, 3 மணிக்கு. மாத்திரை 2.
எடை 38.

டாக்டரம்மா சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன். சூலகத்தில் ஆரம்பித்தது ஈரல் வரை போய்விட்டது. இனி ஊசி போட்டால் உடம்பு தாங்காது, பலனும் இல்லை. வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. வயிற்றில் தண்ணீர் கட்டினால் மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். எத்தனை நாள் என்று கேட்டேன். “வாரக்கணக்குல யோசிங்க” என்றார்.

வெளியே வந்து கோ.விடம் நான் சொன்னது: “ஒடம்பு கொஞ்சம் தேறட்டுமாம், அப்பறம் அடுத்த ஊசி.” அவள் “சரிங்க” என்றாள். மொரப்பூர் ஸ்டேஷன் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 21, திங்கள்

காற்று நிற்கவில்லை. ஆணி அடிக்கவில்லை.

கோ. எப்படி இருக்கிறாள் என்று இன்று கேட்டவர்கள்: காலை வரிசையில் ஐந்து பேர், சாயங்காலம் எட்டுப் பேர். போன வாரம் முழுக்கச் சேர்த்தே நாலு பேர்தான். என்ன திடீர்ப் பாசம் என்று யோசித்துக்கொண்டே அளந்தேன். கேனை மூடும்போதுதான் உறைத்தது. நேற்று ஊர்க்கூட்டத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்துவிட்டார்கள். 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. எட்டாம் நாள் மாவிளக்கு. அதற்கு மறுநாள் காப்பு அவிழ்ப்பு.

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் இரண்டு சட்டம். ஒன்று, ஊர்க்காரன் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. இரண்டு, ஊருக்குள் சாவு விழக் கூடாது. விழுந்தால் காப்பை அவிழ்த்து, கோயிலைப் பூட்டி, பண்டிகை அடுத்த ஆடிக்குத்தான். முதல் சட்டத்தை மனிதன் காப்பாற்றலாம். இரண்டாவதை எந்தப் புண்ணியவான் போட்டானோ.

போன வருடம் மூன்றாம் நாளே நின்றுபோயிற்று. அதற்கு முந்தின வருடம் ஏதோ தகராறில் ஆரம்பிக்கவே இல்லை. இந்த வருடமும் நின்றால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று ஊரே பயந்து கிடக்கிறது. மழை வேறு இல்லை.

ஆக அந்தப் பதின்மூன்று பேர் விசாரித்தது கோ.வை இல்லை, பண்டிகையை.

கோ. கஞ்சி 5 ஸ்பூன். வலி மூன்று தடவை. “மாவிளக்குக்குப் பச்சரிசி வாங்கி வெச்சிருங்க, கடைசி நேரத்துல ஓடாதீங்க” என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

காலைப் பால் 205. மாதம்மா அக்கா வந்தார். ஒன்றரை லிட்டர், கொழுப்பு 4.4. ஊரில் தண்ணீர் தொடாத பால் மூன்று வீட்டில்தான், அதில் இது ஒன்று. கேனை வைத்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ரசீதை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வருடமாக என்னிடம் இப்படித்தான்.

ஏன் என்று எழுதுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

போன வருடம் காப்புக்கு முந்தின நாள். அவருடைய வீட்டுக்காரர் சின்னப்பன் அண்ணன் பக்கவாதம் வந்து ஒரு மாதமாகப் படுக்கை. பேச்சு இல்லை, கஞ்சியும் இறங்கவில்லை. பண்டிகைக் கமிட்டியில் நானும் ஒருவன். யார் போய்ச் சொல்வது என்று ஆளாளுக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வாய் நீளம். நான் போனேன். அவர்கள் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே அந்த மனிதர் கண் திறந்து படுத்திருக்க, சொன்னேன்: “எட்டு நாள் தர்மபுரி ஆஸ்பத்திரியில வெச்சிருந்தா என்னக்கா கொறஞ்சிடப்போவுது?”

அக்கா கதவைச் சாத்திவிட்டார். மூன்றாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார். கோயிலைப் பூட்டின ஆத்திரத்தில் ஊர். மேளம் வேண்டாம், பின் சந்து வழியாக எடுத்துவிடுங்கள் என்றார்கள். என்றோம். அதில் என் குரலும் உண்டு. இந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து பாடைக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தவர் அவர். மேளச் சத்தமே இல்லாமல் போனார்.

கோ.வுக்கு அப்போது ஒன்றும் இல்லை. இருந்திருக்கும், தெரியவில்லை, தீபாவளி கழித்துத்தானே கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சொன்னாள்: “நம்ம வூட்டுல ஒருத்தர் கெடந்தாத் தெரியும்.” சாபமாகச் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. கூரைக்கு ஆணி அடித்தாயிற்று. கட்டைவிரலிலும் ஒன்று அடித்துக்கொண்டேன்.

மகள் சுகன்யா போன், ஓசூரிலிருந்து. கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஞாயிறுதான் லீவு. “அப்பா, அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுங்க. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க.” யார் பேசினது என்றேன். வாட்ஸ்அப்பில் வந்ததாம். கமிட்டி குரூப்பில் நானும்தானே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று திறந்து பார்த்தேன். வெறும் காலை வணக்கம்தான் இருந்தது. நான் இல்லாமல் புதுக் குரூப் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

கோ.விடம் பேச்சோடு பேச்சாக, “ஓசூருக்குப் போயிட்டு வரலாமா? காத்து மாறுனா நல்லதுன்னு சொல்றாங்க” என்றேன்.

“இங்க இருக்கற காத்துக்கே கூரை பறக்குது.”

“புள்ளயோட பத்து நாள் இருக்கலாமில்ல.”

“பண்டிகைய வுட்டுட்டா? நின்னுபோன ரெண்டு வருசம் போவ இருவத்திநாலு வருசம் மாவிளக்கு வெச்சிருக்கறேன். சுகன்யா வயித்துல ஒம்பது மாசமா இருக்கறப்பகூட வெச்சேன். இந்த வருசம் ஆத்தாகிட்ட நேருல பேச வேண்டியது இருக்குது.”

என்ன பேசப் போகிறாள் என்று கேட்கவில்லை. வேறு என்ன, பிழைக்க வைக்கச் சொல்லித்தான் கேட்பாள். அடுத்த ஊசியை நம்பிக்கொண்டிருக்கிறாளே. எழுந்துபோய்க் கன்றுக்குட்டியை இடம் மாற்றிக் கட்டினேன். அது இருந்த இடத்திலேயே நன்றாகத்தான் இருந்தது.

எனக்கும் ஆத்தாளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோயில் வழியாகப் போனால் செருப்பைக் கழற்றுவேன். அவ்வளவுதான் மரியாதை.

கோ. கஞ்சி 4. மோர் கால் டம்ளர். கால் லேசாக வீக்கம்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். காற்று குறைவு. காலைப் பால் 209.

பாலை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் மூன்று பேர். ஊர்க்கவுண்டர், அதாவது ஊருக்குப் பெரியவர், எனக்கு மாமன் முறை. பூசாரி. கமிட்டியில் இன்னொருவர். நாற்காலி எடுத்துப் போட்டேன். டீ போட உள்ளே போனேன். அங்கே மாதம்மா அக்கா, கட்டில் ஓரமாக உட்கார்ந்து கோ.வின் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோ. சொன்னாள்: “தெனமும் வருது அக்கா. முதல் ஆளாப் பால ஊத்திட்டு, நீங்க சொசைட்டியில இருக்கற நேரமாப் பாத்து வரும்.”

அக்கா நிமிரவில்லை.

வெளியே டீ. மழை இல்லாத பேச்சு, மா மரத்தில் இந்த வருடம் காய்ப்பு குறைந்த பேச்சு, மொரப்பூரில் எந்த ரயில் நிற்கிறது எது நிற்பதில்லை என்ற பேச்சு. பிறகு ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார்.

“எப்படி இருக்குது மாப்ள பாப்பாவுக்கு?”

“இருக்கறாங்க மாமா.”

“டாக்டரு என்ன சொல்றாங்க?”

“அவங்க சொல்றதச் சொல்றாங்க.”

“தப்பா எடுத்துக்காத மாப்ள. ஊர்க் காரியம். எட்டு நாள் தர்மபுரி ஆஸ்பத்திரியில வெச்சிருந்தா என்ன கொறஞ்சிடப்போவுது?”

அதே சொல். போன வருடம் நான் மாதம்மா அக்கா வாசலில் நின்று சொன்னது, ஒன்றுகூட மாறாமல். மூன்று நாளாக இவர்கள் வந்தால் இன்னது கேட்பேன், அன்னது கேட்பேன் என்று சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆணி அடிக்கும்போது நசுங்கின கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து கோ.வின் குரல். “பெரியப்பா, அங்கயே உக்காந்து ஏன் பேசறீங்க, உள்ள வாங்க.”

போனோம். அக்கா அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். கோ. பூசாரியைப் பார்த்தாள்.

“காப்பு எத்தன மணிக்குங்கண்ணா?”

“சாயங்காலம் ஆறுக்கும்மா.”

“எனக்கும் ஒண்ணு கட்டுங்க.”

அவளுக்கு மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நான் ஆஸ்பத்திரிக்கும் போவல, ஓசூருக்கும் போவல. காப்பு கட்டிட்டா எட்டு நாளைக்கு நான் ஆத்தா பொறுப்பு. எட்டு நாளும் இருப்பேன். டாக்டரம்மா வாரக்கணக்குன்னுதான் சொல்லியிருக்குது, நாள்கணக்குன்னு சொல்லல.”

வாரக்கணக்கு. நான் அவளிடம் சொல்லவே இல்லாத சொல்.

ஊர்க்கவுண்டர், “அதுக்கில்லம்மா, ஆத்தா காரியம், நாளைக்கு ஒண்ணுன்னா...” என்று இழுத்தார்.

மாதம்மா அக்கா காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “போன வருசம் அந்த மனுசனுக்கும் ஒரு காப்பு கட்டியிருந்தா அவரும் எட்டு நாள் இருந்திருப்பாரு. யாருக்கும் தோணல. எனக்கும்தான் தோணல.”

பூசாரி எழுந்துவிட்டார். “கட்டறேம்மா. நானே வூட்டுக்கு வந்து கட்டறேன்.” ஊர்க்கவுண்டர் வெளியே வந்து, ஆறிப்போன டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

இன்று கோ.வுக்கு என்ன கொடுத்தேன், எவ்வளவு சாப்பிட்டாள், எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

காலையில் பல் தேய்த்துவிடும்போது கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

“டாக்டரம்மா ரூம் கதவு தொறந்துதான் இருந்துச்சு. எத்தன நாளுன்னு நீங்கதான் சத்தமாக் கேட்டீங்க.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னீங்க. அதக் கெடுப்பானேன்.”

இருபத்திரண்டு வருடமாகப் பாலைப் பார்த்தே தண்ணீரைச் சொல்கிறவன் என்று பெயர். என் பொய்யை அவள் பத்து நாளாக மடித்து வைத்திருந்திருக்கிறாள்.

“ஆத்தாகிட்ட என்ன கேக்கப் போற, பொழைக்க வெக்கச் சொல்லியா?”

“அதையும் கேப்பேன். கேக்கறதுக்கு என்ன. குடுக்கறதும் குடுக்காததும் அவ பாடு.”

சாயங்காலம் சொசைட்டி. மாதம்மா அக்கா கேனை வைத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது. “அக்கா, போன வருசம் நான் வந்து அப்படிச் சொன்னது தப்புக்கா. மேளம் வேணாம்னதும் தப்பு.” அக்கா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “ரசீதக் குடு முருகேசு. பின்னால ஆளு நிக்குது.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொழுப்பு 4.5.

ஜூலை 29, செவ்வாய்

காப்பு. கோயிலில் மேளச் சத்தம் கேட்டு, முடிந்து, பூசாரி வீட்டுக்கு வரும்போது ஆறரை. கோ.வைக் குளிப்பாட்டி, அரக்குச் சேலை கட்டிவிட்டிருந்தார் அக்கா. சேலை அவளைக் கட்டிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் கயிறு, நடுவில் மஞ்சள் துண்டு. இடது கை. மணிக்கட்டு என் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. “இறுக்கிக் கட்டுங்க பூசாரி” என்றேன். அவருக்குக் கை வரவில்லை, தோல் கன்றிவிடும் என்று தளர்வாகத்தான் கட்டினார். கையைத் தொங்கப் போட்டால் விரல் முட்டி வரை இறங்குகிறது.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் இந்த வருடம் கட்டுவதாக இல்லை. கோ. பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினேன்.

முதல் நாள். கஞ்சி 5 ஸ்பூன்.

ஜூலை 31, வியாழன்

மூன்றாம் நாள். சின்னப்பன் அண்ணனின் நாள். ஊர் முழுக்க அதுதான் நினைப்பு என்று தெரிகிறது, எவனும் வாயில் சொல்லவில்லை. எங்கள் வீட்டைக் கடக்கிற வண்டியெல்லாம் மெதுவாகப் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், போன வாரம் இவளை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தவர்கள் இப்போது இவள் உயிரைப் பிடித்துத் தொங்குகிறார்கள். இன்று வந்தவை:
இளநீர் 9.
எலுமிச்சை ஒரு பை.
சாமைக் கஞ்சி, கோயில் தெருவிலிருந்து.
சித்தேரி மலைத் தேன் ஒரு பாட்டில், கொடுத்தவருடைய சம்பந்தி வீட்டில் வாங்கியதாம்.
விபூதி, மூன்று கோயிலுடையது.
ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து தண்ணீர்ப் படுக்கை. அவருடைய அம்மாவுக்கு வாங்கியதாம். புண் வராது.

முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்டிகைக்காகத்தானே இத்தனையும், திருப்பி அனுப்புகிறேன் என்றேன். கோ. திட்டினாள். “எதுக்காவக் குடுத்தா என்ன, இளநி இளநிதான். வெட்டுங்க.” ஒரு முழு டம்ளர் குடித்தாள். பத்து நாளில் இதுதான் அதிகம்.

வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தண்ணீர் கட்டுகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சேலம். சொசைட்டியை உதவியாளர் லட்சுமியிடம் விட்டுவிட்டு முதல் வண்டி. சட்டப்படி இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அக்காவும் கூட வந்தார்.

நர்ஸ் ஊசி குத்த இடம் தேடி, இந்தக் கயிறை வெட்டிடலாமா என்று கத்தரியை எடுத்தாள். கோ. காப்பை அப்படியே முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, “இப்பக் குத்தும்மா” என்றாள். மூன்று லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். பழக்கதோஷம், அளவுக் குறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா, “பிரஷர் கம்மியா இருக்கு. ஒரு நைட் இருந்துட்டுப் போங்க” என்றார். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. ஊரும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், இங்கே டாக்டர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது. “இரு புள்ள, ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றேன்.

“ஆத்தா சொல்ல மாட்டா. நான் சொன்ன சொல்லு என்ன ஆவறது?”

டாக்டரம்மா காப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அவங்களுக்கு எங்க நிம்மதியோ அங்க இருக்கட்டும்” என்று, எது நடந்தால் என்ன மாத்திரை என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷி.

மொரப்பூரில் இறங்கும்போது ஐந்தேமுக்கால். ஆட்டோ தேடினேன். ஊர்க்கவுண்டரின் கார் நின்றது, ஓட்ட அவரே வந்திருந்தார். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் காரை நிறுத்தி நிறுத்தி இறக்கினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. பஸ்ஸெல்லாம் ஒகேனக்கல் பக்கம். சுகன்யா நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

ஊசியில் கொட்டின முடி ஒரு அங்குலம் முளைத்திருக்கிறது. மகள் தடவிப் பார்த்து, “பலாப்பழம் மாதிரி இருக்கும்மா” என்றாள். கோ. சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு மகள் மாட்டுக்கொட்டகையில் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மாடு என் சட்டையை நக்கியது.

கோ. கஞ்சி 3. தேன் ஒரு விரல். வலி மாத்திரை இப்போது நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ஆறாம் நாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதியம் ஒரு மணி, கோயிலில் யாரும் இல்லை. போனேன். எட்டு மாதம் கழித்துப் பேசினேன். கும்பிடவில்லை, பேசினேன்.

ஊர் எட்டு நாள்தான் கேட்டது, அவளும் எட்டு நாள்தான் சொன்னாள், ஒன்பதாம் நாளைப் பற்றி உன்னிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் நான் வந்திருக்கிறேன் என்றேன். பத்தாம் நாள், பதினோராம் நாள் எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்றேன். பதிலுக்கு நான் என்ன தருவது என்று தெரியவில்லை. அவளிடம் இல்லாததா என்னிடம் இருக்கிறது. அழுதேன். துண்டை மறந்துவிட்டு வந்துவிட்டேன், பூசாரி கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாவிளக்கு. காலையிலேயே தூறல். ஆத்தா மனசு இறங்கிவிட்டாள் என்று வரிசையில் எல்லோரும். பால் 198, எல்லோருக்கும் அவசரம், நாலு பேர் பாலில் தாராளமாகத் தண்ணீர். பண்டிகை என்று விட்டுவிட்டேன்.

பச்சரிசி மாவு, வெல்லம். பிசைந்தது அக்காவும் சுகன்யாவும். மகள் லீவு சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். கடைசியில் ஒரு கைப்பிடி மாவை கோ. தன் கையால் அமுக்கி, நடுவில் குழித்தாள். அதற்கே கால் மணி நேரம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். முன்னால் மேளம். பெரிய தெரு வழியாக. மாதம்மா அக்கா வீட்டு முன்னால் வந்ததும் மேளக்காரரிடம், இங்கே கொஞ்சம் நேரம் நின்று நல்லா அடிங்க என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, போன வருடம் அவரைத்தானே வேண்டாம் என்றோம். அடித்தார். அக்கா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “போதும் முருகேசு, கை வலிக்கும் அவங்களுக்கு” என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சன்னதியில் கோ. ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த எனக்குக் கை மரத்துப்போயிற்று.

“என்ன பேசின?”

“பாதி உங்களப் பத்தித்தான்” என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

விளக்கு நின்று எரிந்தது. எட்டாம் நாள். மாவு ஒரு துணுக்கு, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இரவு பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. காலைப் பால் 207.

பத்து மணிக்குக் காப்பு அவிழ்ப்பு. கோயிலில் எல்லோருக்கும் அவிழ்த்துக் கூடையில் போட்டுக் கிணற்றில் விட்டார்கள். என்னுடையதும் போயிற்று. ஊர்க்கவுண்டர் என் தோளைத் தொட்டு, “பாப்பாவாலதான் மாப்ள” என்றார். பூசாரி வீட்டுக்கு வருகிறேன் என்றார். வேண்டாம், நானே அவிழ்த்துக்கொண்டுவந்து போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோ. இன்று தண்ணீர் 4 ஸ்பூன். கஞ்சி வேண்டாம் என்றாள். பேச்சு மெதுவாக வருகிறது.

மதியம் முழுக்கக் காப்பைப் பற்றிப் பேசாமல் மற்ற எல்லா வேலையும் செய்தேன். கன்றுக்குட்டியை இரண்டு தடவை இடம் மாற்றினேன். நாலு மணிக்கு அவளே கூப்பிட்டுக் கையை நீட்டினாள்.

“அவுத்துடுங்க. எட்டு நாளுன்னுதானே சொன்னேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முடிச்சைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“இறுகிப்போச்சு புள்ள. அவுக்க வரல.”

காப்பு அவள் விரல் முட்டியில் கிடந்தது. கையை உதறினால் கீழே விழுந்துவிடும். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வலது கையால் அதை மெதுவாகத் தள்ளித் தள்ளி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“அப்ப இருக்கட்டும்” என்றாள். “பாலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க.”